சேலத்துக்கு டிக்கெட், இறங்குவது சூரமங்கலத்தில்

மே 14, புதன்: மாயவரத்தில் இருந்து சேலம்

அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து ஏற்காட்டில் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் கிளம்பினேன். மலையில் இருந்தது கொஞ்ச நேரம்தான், மீதிப் பொழுதெல்லாம் சேலத்தைச் சுற்றிக் கிடக்கிற தண்டவாளங்களோடு போய்விட்டது. இதற்கு முழுப் பொறுப்பும் சூரமங்கலத்தில் இருக்கிற என் சித்தப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். போனில் பஸ் நேரம் கேட்டதுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ்ஸுல எதுக்குடா வர்ற? காரைக்கால்ல இருந்து பெங்களூரு போற வண்டி உங்க ஊரு வழியாத்தானே வருது. ஏறி உக்காந்தா எங்க வீட்டுப் பக்கத்துல வந்து இறங்கலாம்" என்றார்.

ஏறிவிட்டேன், உட்காரத்தான் முடியவில்லை. கதவுப் பக்கம் நின்று சிதம்பரம் தாண்டி, கடலூரில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்கியபோதுதான் ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தது. வண்டி முழுக்க பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போகிற பையன்கள். அவர்களில் ஒருவன் ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, மேல் பலகையின் சங்கிலியைப் பிடித்தபடி நெய்வேலி வரை நின்றுகொண்டே தூங்கினான். பெரியவர் அவன் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

விருத்தாசலத்தில் சுண்டல் பத்து ரூபாய், எலுமிச்சை சாதப் பொட்டலம் நாற்பது. சாதம் பரவாயில்லை, ஊறுகாய்தான் உப்பில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. இங்கேதான் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாதையை விட்டு, மேற்கே சேலம் போகிற ஒற்றைப் பாதைக்கு வண்டி திரும்புகிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில் மீட்டர் கேஜாக, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளமாகப் போட்ட பாதை, அகலப் பாதையானது 2007-ல்தான். அதற்கு முன்னால், பெங்களூர்ப் பக்கத்துப் பாதை அகலமாகி இந்தப் பாதை ஆகாமல் கிடந்த வருஷங்களில், நான் ஏறி வந்த மாதிரி ஒரு வண்டி ஓடியிருக்கவே முடியாது. சேலம் வந்ததும் இறங்கி, வேறு அகலத் தண்டவாளத்தில் நிற்கிற வேறு வண்டியைப் பிடிக்க வேண்டும்.

சின்னசேலம் வந்ததும் நிலம் மாறுகிறது. டெல்டாக்காரனுக்கு மலை என்றாலே ஒரு பரவசம்தான், வடக்கே கல்வராயன் நீளமாகக் கூடவே வர, நான் கழுத்தைத் திருப்பவே இல்லை. ஆத்தூர்ப் பக்கம் பாக்குத் தோப்புகள். நடுநடுவே ஜவ்வரிசி ஆலைகளின் காயப்போடும் களம், உச்சி வெயிலில் அந்த வெள்ளையைக் கண் கூசாமல் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஆத்தூர்க்கார அம்மா, "அதெல்லாம் குச்சிக்கிழங்கு மாவுங்க தம்பி, இந்தப் பக்கம் வெள்ளாமையே அதுதான்" என்று சொல்லிக்கொண்டே பையில் இருந்து ஒரு செந்தூரா மாம்பழத்தை எடுத்தார். கத்தி இல்லை. தோலை ஓரத்தில் கடித்து, பற்களாலேயே நாடா மாதிரி நீளமாக உரித்து, பாதிப் பழத்தைக் கொட்டையோடு என் கையில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவகாசமே தரவில்லை. சாறு முழங்கை வரை வழிந்தது, துடைக்க அவருடைய முந்தானையையே நீட்டினார்.

ஏத்தாப்பூர் பக்கம் முத்துமலை முருகன் தெரிந்ததும் பெட்டியில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 146 அடி, மலேசியாவில் பத்துமலையில் இருக்கிற சிலையைவிட உயரம். 2022-ல் குடமுழுக்கு ஆனது. தூங்கிக்கொண்டிருந்த பையன்கூட எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி சேலம் டவுன். இங்கே இறங்குகிற ஆட்களுக்கு நல்ல அவசரம், ஊரின் நடுமண்டைக்கு வந்துவிட்டார்களே. எனக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி. வீடுகளின் புறக்கடை, துணி காயும் கொடிகள், கேட்டுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற பைக்குகள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஜங்ஷனுக்குப் போனது. நடைமேடையில் சித்தப்பா நின்றிருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

மே 15, வியாழன்: ஜங்ஷன், மார்க்கெட், டவுன்

காலை ஆறு மணிக்கு எழுப்பிவிட்டார். வெயில் ஏறினால் ஜங்ஷனைப் பார்க்க முடியாதாம். டீ குடித்துவிட்டு (பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தாராளம்) நடை மேம்பாலத்தில் ஏறி நின்றோம். அவர் கை காட்டக் காட்ட நான் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் மேப் ஸ்டிக்கோடு நிற்கிற வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

கதை இப்படிப் போகிறது. 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்கு அங்கேயே நிற்கிற உத்தேசம் இல்லை, மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பேப்பூரைத் தொட வேண்டும். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி என்று இறங்கி வந்த பாதை சேலத்தைத் தொட்டது 1861-ல். அடுத்த வருஷமே சங்ககிரி, ஈரோடு, போத்தனூர், பாலக்காடு வழியாகக் கடற்கரை வரை வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. பெங்களூருக்கு ரயில் வந்தது 1864-ல்தான் என்பதைச் சொல்லும்போது சித்தப்பா முகத்தில் ஒரு பெருமை, ஏதோ இவரே பாதை போட்ட மாதிரி.

அந்தப் பாதை சேலத்துக்கு வந்ததே தவிர சேலம் ஊருக்குள் வரவில்லை. வரைபடத்தில் பார்த்தால் சங்கதி தெரிகிறது. லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையின் மேற்குப் பக்கமாக இறங்கி, அப்படியே தென்மேற்கே ஈரோட்டைப் பார்க்கப் போகிற கோடு அது. ஊர் கிழக்கே திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது. ஊருக்குள் வர வேண்டுமானால் ரயில் பாதையை வளைக்க வேண்டும், கம்பெனி வளைக்கவில்லை. கோட்டை, பேட்டை, கடைவீதி எல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஸ்டேஷன் மட்டும் சூரமங்கலம் என்கிற கிராமத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் அந்தக் கிராமமே ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்து, ரயில்வே குடியிருப்பு, லாட்ஜ், டீக்கடை என்று தனி ஊராகி, கடைசியில் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் "ஜங்ஷன் போகணும்" என்றால் டவுன் ஆட்டோக்காரர் நம்மை வெளியூர் சவாரி மாதிரிதான் பார்க்கிறார். நேற்று ராத்திரி ஒருத்தர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு இருநூற்றைம்பது கேட்டார். பஸ்ஸில் பதினைந்து ரூபாய்க்குள் போய்விடலாம்.

பேச்சு நடுவே மேம்பாலத்துக்குக் கீழே நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று போனது. முடியவே முடியாதா என்று நினைக்கிற அளவுக்கு நீளம். "மேட்டூருக்கு" என்றார் சித்தப்பா, வண்டியைப் பார்க்காமலே. மேட்டூர் அணை வேலை நடந்த காலத்தில் சாமான் கொண்டுபோக ஓமலூர் வழியாகப் போட்ட கிளை அது. அணை 1934-ல் திறந்தாகிவிட்டது, கிளைக்கு இப்போது அனல்மின் நிலையம் சோறு போடுகிறது. அந்த ஓமலூரில் இருந்தே தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு 1960களில் மீட்டர் கேஜ் பாதை வந்தது. அதுவரை சேலத்துக்காரர் பெங்களூர் போக ஜோலார்பேட்டையைச் சுற்றித்தான் போக வேண்டும். 1990களில் அதை அகலமாக்கினார்கள்.

ஜங்ஷனில் இரண்டு அளவுத் தண்டவாளமும் இருந்த காலத்தை அவர் சொல்லும்போதுதான் எனக்கு சுவாரசியம் பிடித்தது. அகலப் பாதை வண்டியில் வந்த சரக்கை மீட்டர் கேஜ் வண்டிக்கு ஆள் வைத்து மாற்ற வேண்டும். மூட்டை மூட்டையாக ஒரு வேகனில் இருந்து இறக்கி எதிர் வேகனில் ஏற்ற வேண்டும், மழை வந்தால் நிறுத்த வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். "எண்ணிக்கை ஒத்துப் போன நாளே கிடையாதுடா. ஒரு மூட்டை கூடுதலா வந்தாத்தான் பயம், குறைஞ்சா யாரும் பயப்படமாட்டான்" என்றார். ஏன் என்று கேட்டேன். குறைந்தால் திருட்டு என்று எழுதிவிடலாம், கூடினால் என்ன எழுதுவது?

கேரளத்துக்காரர்கள் நிறைய எதிர்த்தும் பாலக்காடு ரயில்வே கோட்டத்தில் இருந்து பிரித்து 2007 நவம்பர் 1-ம் தேதி சேலம் கோட்டம் உருவானது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் எல்லாம் இப்போது இதன் கீழ்தான்.

பகல் முழுக்க வீட்டில் மின்விசிறிக்குக் கீழே கிடந்தேன். சித்தி மாங்காய் போட்டு ஒரு பருப்புக் குழம்பு வைத்திருந்தார், அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. நாலு மணிக்கு மேல் செவ்வாய்ப்பேட்டைக்கு பஸ் ஏறினேன், தனியாக. டவுன் கூட்டம் சித்தப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது.

லீ பஜார் பக்கத்தில்தான் சேலம் மார்க்கெட் ஸ்டேஷன். பெயரிலேயே காரணம் இருக்கிறது, மண்டிகளுக்காக வந்த ஸ்டேஷன். வெளியே ரோட்டில் லாரியில் இருந்து மஞ்சள், மிளகாய், பருப்பு மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன, நெடி தாங்காமல் எனக்கு விடாமல் தும்மல். ஒரு சுமைதூக்கும் தொழிலாளி என்னைப் பார்த்துச் சிரித்து, தன் தலைத்துண்டை மூக்கில் கட்டிக் காட்டினார், இப்படிக் கட்டு என்று. ஸ்டேஷன் உள்ளே போனால் ஆளே இல்லை. பெஞ்சில் ஒரு நாய், ஒரு பள்ளிக்கூடப் பையன், பரீட்சை முடிந்த சோம்பல். மண்டியில் இத்தனை மூட்டை இறங்குகிறது, ஒன்றுகூட இந்த நடைமேடையைத் தாண்டி வரவில்லை.

டவுன் ஸ்டேஷன் அதைவிடத் தேவலாம். விருத்தாசலம் வழியாகச் சென்னை போகிற ராத்திரி வண்டிக்குக் கூட்டம் வரும் என்று பூக்கார அக்கா சொன்னார். அதுவரை அவருக்கே வியாபாரம் இல்லை. எனக்கு இதுதான் விளங்கவில்லை. டவுன், மார்க்கெட், ஜங்ஷன் என்று ஊரை ஊடுருவி ஒரு பாதை தயாராகக் கிடக்கிறது. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி, கடைவீதி எல்லாம் டவுன் ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரம் அல்லது ஒரு சின்ன ஆட்டோ சவாரி. அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து ஜங்ஷன் வரை, இல்லை ஒரு படி மேலே போய் வாழப்பாடியில் இருந்து ஓமலூர் வரை, காலையும் மாலையும் நாலு பெட்டி வண்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் பஸ்ஸில் தொங்குகிற பாதிப் பேர் இதில் ஏறிவிடுவார்கள் என்பது என் எண்ணம். ஒற்றைப் பாதையாச்சே, எதிர் வண்டிக்கு எங்கே நிறுத்துவது என்று சித்தப்பா பிறகு மறுத்தார். மறுத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் எந்த ஸ்டேஷனில் கிராசிங் வைக்கலாம் என்று அவரே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

திரும்புகிற வழியில் முள்ளுவாடி கேட் பக்கம் தட்டுவடை செட். சேலத்துக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போனால் ஊரில் சேர்க்கமாட்டார்கள். உள்ளங்கை அளவு தட்டுவடை, அதன் மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு சொட்டு பச்சைச் சட்னி, ஒரு சொட்டு சிவப்புச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து ஒரு அமுக்கு. கடைக்காரரின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், இடது கை வடையை வைக்கும்போதே வலது கை அடுத்த தட்டில் சட்னி தடவிக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டு நாற்பது ரூபாய். முழுசாக வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை காலி. என் சட்டை காலி. காரம் கண்ணில் நிற்க, பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் ஒருத்தி, "அண்ணா, அடுத்த தடவை சிவப்பு கம்மியா கேளுங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மே 16, வெள்ளி: ஏற்காடு

புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அப்புறம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவு. ஸ்டுடியோ போய்விட்டது, வாசல் மட்டும் ரோட்டோரம் நின்றுகொண்டிருக்கிறது. அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை. ஏழாவது வளைவில் முன்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது. கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. தயாராக வைத்திருந்த மணலைத் தூவிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தையும் அந்த அம்மாவிடம் கொடுத்தார். தினமும் நடக்கிறதுபோல.

சென்னை சென்ட்ரலில் இருந்து கிளம்புகிற ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு வண்டி இருக்கிறது. புதுசாக வருகிறவர்கள் அது மலை ஏறும் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அது ஈரோட்டுக்குப் போகிற வண்டி, சேலத்தில் விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுத்து இறக்கிவிடும். மலைக்கு ரயில் கிடையாது. ஊட்டிக்கு உண்டு, 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. அந்த மலை ரயில் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்றால், சேலம் கோட்டத்தின் பொறுப்பில். சேர்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு நீலகிரி ரயிலைக் கவனிக்கிறார்கள். நேற்று இதைச் சொல்லும்போது சித்தப்பா சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

ஏற்காட்டில் காப்பி வந்தது ரயிலுக்கு ரொம்ப முன்னால், 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே தோட்டம் போட்டுக் காட்டியதில் தொடங்கியது. அந்தக் காப்பியைக் குடிக்கலாம் என்று ஏரிக்கரைக் கடையில் கேட்டால் கொடுத்தது பால் மணக்கிற வெந்நீர், முப்பது ரூபாய். சந்து ஒன்றுக்குள் ஒரு அம்மா வீட்டு வாசலில் வைத்திருந்த அடுப்பில்தான் நல்ல காப்பி கிடைத்தது, பதினைந்து ரூபாய். கூடவே மிளகாய் பஜ்ஜி. பஜ்ஜி தீயும்போது அடுப்பைக் குறைக்கச் சொன்னேன், "காத்து வாங்கிட்டு நில்லுங்க, எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்துதான் இருந்தது.

குளிர் என்று சொல்ல முடியாது, வெயில் சுடவில்லை அவ்வளவுதான். கீழே 39 டிகிரி என்று போனில் காட்டியது, அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது. லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் தொலைநோக்கிக்குப் பத்து ரூபாய் வாங்குகிற பையன், "மேட்டூர் டேம் தெரியும், ஸ்டீல் பிளான்ட் தெரியும்" என்று ஒப்பித்தான். டேம் தெரியவில்லை, வெயில் காலப் புகைமூட்டம். ரயில் பாதை தெரியுமா என்று கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. தொலைநோக்கியைத் தானே வாங்கி அரை நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதோ, வெள்ளையா சுண்ணாம்பு மலை தெரியுதுல்ல, அதுக்கு இந்தப் பக்கம்" என்றான். மேக்னசைட் என்கிற கனிமம் வெட்டுகிற சுரங்கத்தின் வெள்ளை மேடுகள் அவை, அந்தச் சுரங்கத்தின் பேரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷனும் இருக்கிறது. பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு நகர்ந்தது. கூட்ஸ்தான். பையனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை, அடுத்து வந்த குடும்பத்திடம் "மேட்டூர் டேம் தெரியும், ஸ்டீல் பிளான்ட் தெரியும், ரயில் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு இடியோடு மழை. ஓடும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. பஸ் நிறுத்தத்தில் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கிறவர், மழை நிற்கட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே தைத்துக் கொடுத்து இருபது ரூபாய்தான் கேட்டார். நான் முப்பது கொடுத்தேன், பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இறங்குகிற பஸ்ஸில் மூடாத ஜன்னல் ஒன்று எனக்கு வாய்த்தது. வீட்டுக்குப் போகும்போது இடது தோள் மட்டும் நனைந்திருந்தது. கீழே சேலத்தில் ஒரு பொட்டு மழை இல்லை.

மே 17, சனி: நாமக்கல் வழியாகக் கரூர்

வந்த வழியே திரும்பக் கூடாது என்பது சித்தப்பாவின் கொள்கை. ஆகவே கரூர் பாசஞ்சர், அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாக வீடு. கையில் சின்னக்கடை வீதியில் வாங்கின மாம்பழக் கூடை, மல்கோவா கிலோ நூற்றைம்பது, சேலம் குண்டு அதைவிடக் குறைவு. ஸ்டேஷனில் ஒருவர் தன் டிரங்குப் பெட்டியைக் கூடையின் மேலேயே வைத்துவிட்டார். பதறிப்போய் எடுத்துவிட்டு, நசுங்கிய பழத்துக்குக் காசு கொடுக்க வந்தார். வாங்கவில்லை. அதனால் அவர் ராசிபுரம் வரை எனக்கு விசிறிக்கொண்டே வந்தார், எவ்வளவு சொல்லியும் நிறுத்தவில்லை.

நான் போனதிலேயே புதுப் பாதை இதுதான். சேலத்தில் இருந்து ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர், 85 கிலோமீட்டர், 2013 மே மாதம் திறந்தது. அதற்கு முன் நாமக்கல்லுக்கு ரயிலே கிடையாது. லாரியும் முட்டையும் கோழியும் இந்தியா முழுக்கப் போகிற ஊர், ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போக வேண்டும்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சேலத்துக்கு 1861-ல் ரயில் வந்தது. கிரேட் சதர்ன் கம்பெனி நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்குப் பாதை திறந்ததும் அதே 1861. அது திருச்சியைத் தொட்டு, கரூரைத் தொட்டு, 1860கள் முடிவதற்குள் ஈரோட்டில் மெட்ராஸ் கம்பெனிப் பாதையோடு சேர்ந்துவிட்டது. அதாவது எங்கள் டெல்டாவும் சேலமும் ஒரே வயசு. சேலத்துக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கிற இந்த 85 கிலோமீட்டரை மட்டும் நூற்றைம்பது வருஷம் யாரும் போடவில்லை. திருச்சிப் பக்கம் போகிற சேலத்துக்காரர் ஈரோட்டுக்குப் போய்த்தான் திரும்பி வந்தார். இடையில் திருச்சி – ஈரோடு பாதையை அகலத்தில் இருந்து மீட்டர் கேஜாக்கி, மறுபடி அகலமாக்கி, அதற்கெல்லாம் காசும் நேரமும் இருந்திருக்கிறது.

நாமக்கல்லில் கோட்டைப் பாறை தூரத்தில் தெரிந்தது. ஸ்டேஷனில் அவித்த முட்டை விற்பார்கள் என்று ஆசையாக இருந்தேன், விற்றது முறுக்கு. முட்டை ஊரில் முட்டை இல்லை. மோகனூர் தாண்டியதும் காவிரிப் பாலம். மேட்டூர் திறக்காத மாசம், அகலமான மணலின் ஒரு ஓரமாக மட்டும் தண்ணீர் போகிறது. பெட்டியில் எல்லாரும் காசு எடுத்து ஆற்றில் போட்டார்கள், பாதிக் காசு மணலில்தான் விழுந்திருக்கும். எங்கள் ஊருக்கு வர வேண்டிய தண்ணீர்தானே என்று நானும் ஒரு ரூபாய் போட்டேன்.

கரூரில் அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தது. சித்தப்பா போன் செய்து, பாலத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது என்று கேட்டார். அப்புறம் பேச்சு மொரப்பூருக்குப் போனது. மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906-லேயே குறும்பாதை வண்டி ஓடியது, 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். அதை மறுபடி அகலப் பாதையாகப் போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். வண்டி ஓடுகிற அன்றைக்கு முதல் டிக்கெட்டை அவரே எடுப்பாராம், நான் லீவு போட்டுவிட்டு வர வேண்டுமாம். "சரி சித்தப்பா, எப்ப?" என்றேன். "போட்டா சொல்றேன்" என்றார். அவருக்கு வயசு 74. தட்டுவடையை நான் வாங்கி வர வேண்டும், அவருக்கு மட்டும் சிவப்புச் சட்னி கூடுதலாக.